தொலைவாயிலும் திறவுகோலும்

அசோகவனத்திலே சிறையிருந்த சீதாபிராட்டியின் முன் அநுமன் தோன்றித் தன்னை இராமதூதன் என்று அறிவித்தபோது, பிராட்டி உடனே அவனை நம்பினாளல்லள். நம்பாமைக்குத் தக்க காரணம் இருந்தது. பஞ்சவடியிலே தவவேடம் பூண்டு வந்தவனை மெய்யான துறவி என்றெண்ணி வரவேற்றமையாலன்றோ அவளுக்கு அத்துன்பம் நேர்ந்தது? இனிய சொல் மட்டும் ஒருவனை இன்னான் என்று நிறுவமாட்டாது. அநுமன் இராமபிரானின் அடையாளங்களை எடுத்துரைத்தான், கணையாழியையும் அளித்தான். அதன் பின்னரே ஐயம் முற்றும் நீங்கிற்று. செய்தி அவ்வளவில் முடிந்ததுமன்று. பிராட்டி தன் சூடாமணியை எடுத்து அவன் கையிற் கொடுத்தாள். தூதன் உண்மையாகவே தன்னைக் கண்டு மீண்டான் என்பதை அப்பாலுள்ளவரும் அறிதல் வேண்டுமன்றோ? ஒருவரையொருவர் காணவியலாத இருவர், கடலிடையிட்ட தொலைவில் நின்றுகொண்டு, ஒருவரையொருவர் உறுதிசெய்துகொண்ட முறை இதுவாகும்.

இக்காலத்திலே பதுளையிலுள்ள ஓர் அறையில் இருந்தபடியே கொழும்பிலோ சிங்கப்பூரிலோ உள்ள கணினியினுட் புகுந்து, அதன் முன்னிருந்து பணிசெய்வாரைப்போலப் பணிசெய்தல் இயல்கின்றது. இது வியப்புக்குரிய செயலே. ஆயினும் அதனினும் வியப்புக்குரியது, அவ்வாறு புகுவோன் உரியவனே என்பதை அக்கணினி எவ்வாறு அறிகின்றது என்பதாகும். தொலைவிலுள்ள கணினியொன்றைப் பாதுகாப்பாக அணுகும் முறை வளர்ந்த வரலாற்றையும், அவ்வரலாற்றிலிருந்து ஊவா மலைநாட்டினராகிய நாம் கற்கவேண்டுவது யாது என்பதையும் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையாளன் கணினித் துறையிற் பயின்றவனல்லன். வரலாறு கற்பிக்கும் பாடசாலை ஆசிரியன். வெளிவாரி மாணவனாகப் பட்டம் பெற்றமையால், தான் கற்ற பல்கலைக்கழகத்தின் வாயிலைப் பரீட்சைக் காலங்களில் மட்டுமே கண்டவன். தொலைவிலிருந்து ஒரு வாயிலை அணுகுதல் எத்தகையது என்பதை அவ்வகையிற் சிறிது அறிந்தவன் எனலாம். பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டையையும் அனுமதி அட்டையையும் நீட்டி நின்ற அநுபவமே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

தொலைவிலிருந்து அணுகும் எம்முறையிலும் மூன்று வினாக்கள் எழுகின்றன. வந்திருப்பவன் உரியவன்தானா? அவன் வந்து சேர்ந்த இடம் அவன் கருதிய இடந்தானா? இடைவழியில் நிற்போர் கேட்கவோ மாற்றவோ கூடுமா? கணையாழி முதல் வினாவுக்கு விடை; சூடாமணி இரண்டாவதற்கு விடை. மூன்றாவதற்கு விடைகாணவே உலகம் நெடுங்காலம் காத்திருந்தது.

நமுனுகுலை முதலாய மலைகள் சூழ்ந்த ஊவாவிலே, வண்டிப் பாதைகளும் ஒற்றையடிப் பாதைகளுமே இருந்த காலத்தில், செய்தியின் விரைவு தபாற்காரனின் கால்விரைவைக் கடந்ததில்லை. 1858ஆம் ஆண்டிற் காலிக்கும் கொழும்புக்கும் இடையே இலங்கையின் முதலாவது தந்திப் பாதை இயங்கத் தொடங்கியது. பின்னர் அக்கம்பி மலைநாட்டுக்கும் ஏறிவந்தது. நாட்கணக்கிற் சென்ற செய்தி நிமிடக்கணக்கிற் செல்லலாயிற்று. ஆனால், ஒட்டி முத்திரையிட்ட கடிதத்திற்கு இருந்த மறைவு தந்திக்கு இல்லை. அனுப்பும் ஊழியரும் பெறும் ஊழியரும் சொல் ஒவ்வொன்றையும் அறிவர். ஆதலின் வணிகர் சங்கேதச் சொற்களைக் கையாண்டனர். ஒரு நீண்ட வாக்கியத்துக்கு ஒரு சொல் என வகுத்த சங்கேத நூல்கள் 1870களிற் பெருகின. செலவு சுருங்குதல் ஒரு பயன். பிறர் அறியாமை மற்றொரு பயன். எனினும், நூல் எவர் கையிற் கிடைத்ததோ அவருக்கு மறைவு வெளியாகிவிடும். அன்றியும், செய்தியை அனுப்பியவர் அதற்குரியவர்தாம் என்பதை அந்நூல் நிறுவமாட்டாது.

இக்குறை உயிர்ச்சேதத்துக்கே காரணமான நிகழ்ச்சியொன்று இங்கிலாந்திலே உண்டு. 1874 செப்டெம்பர் 10ஆம் நாள் இரவு, நோரிச்சு நகருக்கு அண்மையிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் புகையிரதப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே மோதின. 25 பேர் மாண்டனர். பொறுப்பான அதிகாரியின் கையொப்பம் பெறுதற்கு முன்னரே தந்தி ஊழியர் அனுமதிச் செய்தியை அனுப்பியமையே அதன் மூலகாரணம். பிழையை உணர்ந்து தடுக்க முயன்றபோது வண்டி புறப்பட்டுவிட்டது. மறுமுனையில் நின்றவருக்குக் கையொப்பம் உள்ள செய்திக்கும் இல்லாத செய்திக்கும் வேறுபாடு தெரியவில்லை. கம்பி வழியே வந்த ஓசை இரண்டுக்கும் ஒன்றே.

இத்துயரின் விளைவாகவே எட்வேட் டயர் என்பார் 1878ஆம் ஆண்டில் மின்சாரத் தட்டுமுறை ஒன்றை அமைத்தார். மலைநாட்டுப் புகையிரதப் பாதையிற் பயணஞ்செய்த எவரும் அதனைக் கண்டிருப்பர். நிலையத்தினூடே வண்டி மெல்லச் செல்லும்போது, சாரதியின் பக்கத்திலிருந்து பெரிய வளையமொன்று நிலைய ஊழியரின் கைக்கு மாறும். மற்றொரு வளையம் வண்டிக்கு ஏறும். வளையத்தோடு பிணைத்த தோற்பையினுள்ளே ஓர் உலோகத் தட்டு இருக்கும். அதுவே அடுத்த நிலையம் வரையுள்ள பாதைக்கு உரிமைச்சீட்டு.

அத்தட்டினை நிலைய அதிபர் தாம் விரும்பியவாறு எடுத்தல் இயலாது. இரு நிலையங்களிலும் ஒன்றோடொன்று கம்பியால் இணைந்த இரு பொறிகள் உண்டு. மணியொலிக் குறியால் ஒருவர் கேட்க, மற்றவர் தம் பொறியை அழுத்தி இசைவு தந்தாலன்றி, கேட்டவரின் பொறி தட்டினை விடாது. ஒரு தட்டு வெளியே இருக்கும்வரை மற்றொன்று எந்த முனையிலும் வெளிவராது. வண்டி அப்பால் அடைந்து தட்டினை அங்குள்ள பொறியில் இட்ட பின்னரே பாதை மீண்டும் விடுபடும். 1924ஆம் ஆண்டிற் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. குன்றைச் சுற்றிவந்து தெமோதரை நிலையத்தின் கீழாகவே நுழைந்து செல்லும் அவ்வொற்றைப் பாதையில், மழையிலும் மூடுபனியிலும் மக்கள் அச்சமின்றிச் சென்றமைக்கு இப்பொறி பெருங்காரணமாகும். சொல்லை நம்பாது, இரு முனைகளும் ஒப்பினாலன்றி வெளிவராத பொருளை நம்புதல் என்னும் கொள்கையை நம்மவர் அன்றே கண்ணாற் கண்டனர்.

ஆனால், சீட்டும் தட்டும் எக்காலத்தும் எளியோரைக் காத்தன என்று எண்ணுதல் தவறாகும். அவை எவர் கையில் இருந்தன என்பதும் ஆராயற்பாலது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர்க்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரத்துண்டு ஒன்று வழங்கப்பட்டது. அதிற் பொறித்த குறியும் இலக்கமும் அவர் சேரவேண்டிய தோட்டத்தைக் காட்டும். அத்துண்டைக் கண்டே வழியிற் பயணவசதி கிடைத்தது. செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறிற்று. அத்துண்டு அணிந்தவரின் பெயரை உரைக்கவில்லை. அவர் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதையே உரைத்தது.

கடதாசித் துண்டின் கதை இதனினும் கொடிது. கங்காணியும் அவர் கூட்டத்தாரும் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்லவேண்டின், அவர்கள்மேல் உள்ள கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர்க்கு இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிய துண்டு வேண்டும். துண்டினைப் பெறுபவர் கங்காணி. கடனைச் சுமப்பவர் தொழிலாளர். வாசிக்க அறியாத மக்களின் வாழ்வு முழுவதும் பிறர் எழுதிப் பிறர் வைத்திருந்த ஒரு கடதாசியிலே தங்கியிருந்தது. 1921ஆம் ஆண்டில் இத்துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. திறவுகோல் தன் கையில் இல்லாதவனுக்கு எவ்வாயிலும் தன் வாயிலன்று என்பதே அது நமக்குக் காட்டும் பாடம்.

இனிக் கணினியின் வரலாற்றுக்கு வருவாம். 1940 செப்டெம்பரில், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியிற் கூடிய கணித அறிஞர் முன்னிலையில், ஜோர்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பார் தட்டச்சுத் தந்திப்பொறி ஒன்றை வைத்தார். அதிலிட்ட கணக்குகள் கம்பிவழியே நியூயோர்க்கிலிருந்த கணிப்பொறிக்குச் சென்றன. விடைகள் மீண்டு வந்தன. தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்கிய முதல் நிகழ்ச்சி இதுவென்பர்.

இற்றை இணையத்தின் மூதாதையாகிய ஆர்ப்பாநெட் வலையமைப்பிலே முதன்முதற் சென்ற செய்தியும் வாயில் திறக்கும் முயற்சியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1969 ஒக்டோபர் 29ஆம் நாள், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்த சார்லி கிளைன் என்னும் மாணவர், ஸ்டான்பர்ட் ஆராய்ச்சி நிறுவனத்திலுள்ள கணினியினுட் புகவேண்டி, ‘லொகின்’ என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பத் தொடங்கினார். இரண்டெழுத்துச் சென்றதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின்னர் முயற்சி கைகூடியது. அவ்வாண்டுகளிலே தொலைவிலிருந்து கணினியை இயக்குதற்கு டெல்நெட் என்னும் முறையும் உருப்பெற்றது. 1983ஆம் ஆண்டில் அதன் விதிகள் செம்மையாக வகுக்கப்பட்டன.

டெல்நெட் முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. பெயரும் கடவுச்சொல்லும் மறைப்பு எதுவுமின்றி வெளிப்படையாகவே வலையமைப்பிற் சென்றன. பழைய தந்தியின் குறை மீண்டும் வந்துற்றது என்க. அறிஞர் சிலர் மட்டும் ஒருவரையொருவர் அறிந்து பழகிய காலத்தில் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. கதவில்லாத வீடுகள் கிராமம் சிறிதாயிருக்கும்வரை இடர்ப்படுவதில்லை; கிராமம் நகரமாகும்போதே பூட்டின் தேவை புலனாகும்.

அத்தேவை 1995ஆம் ஆண்டிற் பின்லாந்து நாட்டிலே புலனாயிற்று. ஹெல்சின்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிலே எவனோ ஒருவன் ஒற்றுநிரல் ஒன்றை மறைத்துவைத்து, அவ்வழிச் சென்ற கடவுச்சொற்களை ஆயிரக்கணக்கிற் கவர்ந்தான். அங்குப் பணியாற்றிய டாடு இலோனென் என்பார் அதற்குப் பரிகாரமாகச் செக்கியூர் ஷெல் என்னும் முறையை ஆக்கி, அவ்வாண்டு யூலை மாதத்தில் எவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிட்டார். கணினியின் உட்கருவைச் சூழ்ந்துநின்று மனிதரின் கட்டளைகளை ஏற்கும் பகுதியை ‘ஓடு’ என்பது அத்துறையினர் மரபு. ஆதலின் அப்பெயரைப் ‘பாதுகாப்பான ஓடு’ எனலாம். கோப்புகளை அனுப்பும் பழைய முறைக்கு 21ஆம் இலக்க வாயிலும், டெல்நெட்டுக்கு 23ஆம் இலக்க வாயிலும் உரியன. இடையே வெறுமையாயிருந்த 22ஆம் இலக்க வாயிலை அவர் கேட்டுப் பெற்றார். அவ்வாண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதனைக் கையாண்டனர்.

முற்கூறிய மூன்று வினாக்களுக்கும் இம்முறை ஒருங்கே விடைதருகின்றது. முதலாவதாக, இடைவழி மறைவு. இரு கணினிகளும் தத்தமக்குள் ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, அவற்றோடு கலந்து பெற்ற வேறு எண்களை மட்டும் வெளிப்படையாகப் பரிமாறுகின்றன. அப்பரிமாற்றத்தால் இருபாலும் ஒரே பொது இரகசியம் பிறக்கின்றது. இடையில் நின்று அனைத்தையும் கேட்டவனும் அதனைக் கணித்தறிதல் நடைமுறையில் இயலாது. விற்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவரும் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட அரிய கொள்கை இது. அவ்வாறு பிறந்த இரகசியத்தைக் கொண்டு அதன்பின் செல்லும் ஒவ்வொரு சொல்லும் மறைக்கப்படும்.

இரண்டாவதாக, சென்று சேர்ந்த இடத்தின் மெய்ம்மை. தொலைக்கணினி தனக்கேயுரிய முத்திரையாலே தன்னை நிறுவுகின்றது. மூன்றாவதாக, வந்தவனின் மெய்ம்மை. இதற்குக் கடவுச்சொல்லினும் சிறந்த வழியொன்று உண்டு. முத்திரை மோதிரத்தையும் அதன் பதிவையும் எண்ணிக்கொள்க. பதிவின் மாதிரியைத் தொலைக்கணினியிடம் முன்னரே கொடுத்துவைக்கலாம். அதனைப் பிறர் காண்பதாலும் கேடில்லை. மோதிரமோ உரியவனின் விரலைவிட்டு நீங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் புதியதோர் ஓலையில் அவன் புதிதாக முத்திரையிட்டு அனுப்புகின்றான். பழைய பதிவைக் களவாடி மீண்டும் காட்டுதலாற் பயனில்லை. அநுமன் கணையாழியையே சுமந்துசெல்ல நேர்ந்தது; இம்முறையிலோ கணையாழி அயோத்தி வேந்தனின் விரலிலேயே இருக்க, அதன் உறுதி மட்டும் இலங்கைக்கு வருகின்றது.

ஆயினும் மனிதரின் விழிப்புக்கு ஈடாகும் பொறி எதுவும் இல்லை. முதன்முறை ஒரு தொலைக்கணினியை அணுகும்போது, ‘இதன் முத்திரை இது, ஏற்பீரா?’ என்று நம் கணினி கேட்கும். பெரும்பாலார் ஆராயாமலே ஆமென்பர். தவவேடத்தானை வரவேற்ற பிழை அவ்விடத்தில் மீண்டும் நிகழக்கூடும். 2024ஆம் ஆண்டில் அதற்கொத்ததொரு நிகழ்ச்சி நேர்ந்தது. கோப்புகளைச் சுருக்குதற்கு உதவும் எக்ஸ்இசட் என்னும் இலவச மென்பொருளின் ஆக்கப்பணியில், ஜியா டான் என்னும் பெயர்பூண்ட ஒருவர் ஈராண்டுக்கு மேலாக உதவிசெய்து நம்பிக்கை பெற்றார். பின்னர், பாதுகாப்பு ஓட்டினுள் இரகசியமாகப் புகுதற்குரிய கள்ளவாயிலை அதனுட் புதைத்தார். அன்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், தொலைக்கணினியினுட் புகுவதற்கு வழக்கத்தினும் அரை வினாடியளவு தாமதம் நேர்வதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்தமையால், மார்ச்சு மாத இறுதியில் அச்சூழ்ச்சி வெளிப்பட்டது. அரை வினாடியை அலட்சியம் செய்யாத ஒருவரின் கவனம் உலகின் எண்ணிறந்த கணினிகளைக் காத்தது.

இவ்வரலாற்றிலே ஊவாவின் இடம் யாது? இலங்கையில் வணிகமுறை இணையச்சேவை தொடங்கியதும் அந்த 1995ஆம் ஆண்டிலேயே. 2005ஆம் ஆண்டளவிற் ‘நெனசல’ என்னும் அறிவு நிலையங்கள் கிராமப்புறங்களிலே தோன்றலாயின. அவ்வாண்டிலேயே பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. பிறர் கணினியினுள் உரிமையின்றிப் புகுதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. 1883ஆம் ஆண்டு தொடங்கி வாங்குவோர் நேரிற்கூடி நடத்திய கொழும்புத் தேயிலை ஏலம், கொள்ளைநோயின் காரணமாக 2020 ஏப்பிரலில் முதன்முறையாக இணையவழி நடைபெற்றது. தெமோதரைத் தேயிலையையும் ஹப்புத்தளைத் தேயிலையையும் வாங்குவோர் வீட்டிலிருந்தபடியே அவ்வேலத்தினுட் புகுந்து விலைகூறினர். கொழுந்து பறித்தவரின் பிள்ளைகளுக்கோ அதே காலத்தில் வாயில் அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. லுணுகலைப் பகுதியிலே காட்டிடை மரத்தின்மேற் கட்டிய பரணில் ஏறி மாணவர் இணையப்பாடம் கற்ற செய்தி 2021ஆம் ஆண்டில் உலகநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது.

இவ்விடத்தில் என் அநுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளின் முன், தோட்டத்து லயத்திலிருந்து வந்து உயர்தரத்திற் சிறந்த பெறுபேறு பெற்ற மாணவியொருத்தி, உயர்கல்விக்கு விண்ணப்பித்தற்காகக் கடைத்தெருவிலுள்ள கொமினிகேசன் ஒன்றுக்குச் சென்றாள். கடைக்காரரே அவளுக்கு மின்னஞ்சல் முகவரி ஆக்கினார். கடவுச்சொல்லையும் அவரே இட்டு, தம் கொப்பியில் எழுதிவைத்தார். தம் தொலைபேசி இலக்கத்தையே அதனோடு இணைத்தார். அவர் தீயவரல்லர்; உதவியாகவே செய்தார். சில மாதங்களிற் கடை மூடப்பட்டது. கொப்பியும் இல்லை, அந்த இலக்கமும் இயங்கவில்லை. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் அவளுடைய பெயரால் அமைந்த பெட்டியிலேயே வந்து கிடந்தது. அதனைத் திறக்க அவளால் இயலவில்லை. ஓராண்டு வீணாயிற்று. மறுவருடம் என் மேசையருகே அமர்ந்து, தன் கையாலேயே புதிய முகவரி ஆக்கிக் கடவுச்சொல்லை இட்டபோது, “சேர், நீங்க அங்கால பாருங்க” என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் ஆசிரிய வாழ்விலே மாணவர் ஒருவர் எனக்கிட்ட கட்டளைகளுள் நான் மிக மகிழ்ந்து நிறைவேற்றியது அதுவேயாகும்.

துண்டினைக் கங்காணி வைத்திருந்த காலம் போயிற்று. கடவுச்சொல்லைப் பிறர் வைத்திருக்கும் காலம் வந்துவிடக் கூடாது. அன்று எழுத்தறியாமை காரணமாயிருந்தது. இன்று கணினியின் நெறிமுறையை அறியாமை காரணமாகலாம். ஆதலால் ஆசிரியராகிய நாம் கணினியை இயக்கும் விதத்தைக் கற்பிப்பதோடு அமையாது, அதன் திறவுகோலைக் காக்கும் விதத்தையும் கற்பித்தல் வேண்டும். தனக்கேயுரிய கடவுச்சொல்லைத் தானே ஆக்குதல், அதனை அன்புடையார்க்கும் உரையாமை, உதவிபெறும்போதும் திறவுகோலைக் கைவிடாமை, அறியாத வாயில் திறக்குமுன் அதன் முத்திரையை ஆராய்தல் என்னும் இவை, வாசிப்பும் எழுத்தும்போல அடிப்படைக் கல்வியாக இனி எண்ணத்தக்கன. பழைய மாணவர்களும் ஆண்டில் ஒரு நாளேனும் தத்தம் தோட்டத்துப் பாடசாலைக்குச் சென்று இதனைக் காட்டிக்கொடுப்பாராயின், அது கட்டிட நிதியினும் குறைந்த கொடையன்று.

தூரத்து வாயில்கள் இன்று எம் பிள்ளைகளுக்காகவும் திறந்திருக்கின்றன. அவற்றை அவர்கள் அணுகும்போது, கழுத்திலே பிறர் கட்டிய தகரத்துண்டோடு அணுகாது, தம் விரலிலே தாமே அணிந்த கணையாழியோடு அணுகுவாராக.